விடச் சொன்ன குரல்

நவம்பர் 14, வெள்ளி.
வேலை: வண்டியின் பிரேக் பெடல் ஏன் மெத்தென்று இறங்குகிறது என்று பார்த்தது. பின் இடது சக்கரத்தில் காற்று எடுத்தது.
தவறு: காற்று வெளியேறும் நிப்பிளை மூடுவதற்கு முன்பே "விடு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அண்ணிக்குக் கேட்டிருக்கிறது. ஆகவே சொல்லியிருக்க வேண்டும்.
நாளைய வேலை: அதே சக்கரம், மறுபடியும்.

மாலை வகுப்பில் சேர்ந்த அன்று எல்லோருக்கும் ஒரு நீல அட்டை நோட்டு கொடுத்தார்கள். தேதி, வேலை, தவறு, நாளைய வேலை என்று நான்கு கட்டங்கள். மற்றவர்கள் மூன்றாம் வாரத்திலேயே தவறுக்கான கட்டத்தில் கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் ஒரு நாளும் அதைக் காலியாக விட்டதில்லை. ஒன்றும் தோன்றாவிட்டால் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, தோன்றும்வரை உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் அண்ணன் அவளுக்கு 'நோட்டு' என்று பெயர் வைத்தான். அதுவே வீட்டில் நிலைத்துவிட்டது.

பகலில் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுவாள். வாரத்தில் மூன்று மாலை வண்டி பழுதுபார்க்கும் வகுப்பு. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. தனக்கு ஏதாவது தெரியும் என்று அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

வண்டி வந்தது புதன்கிழமை. இருபத்திரண்டு வயதான பிக்கப். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். அண்ணன் அதை வாங்கியதற்கு ஒரே காரணம் அண்ணிதான். அண்ணிக்கு எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. "திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கையில் சேர்ந்துவிட வேண்டும், அதுவரை படி ஏறி இறங்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீடு இருப்பதோ சரிவின் உச்சியில். கீழே பெரிய சாலைக்கு நேராக இறங்கினால் எழுபத்திரண்டு படிகள், பாசி பிடித்தவை. சுற்றிப் போனால் இரண்டு பக்கமும் மதில் எழுப்பிய ஒற்றைத் தடம், ஒரு வண்டி மட்டும் நுழையும்.

"படியும் வேண்டாம், வாடகை வண்டிக்காரன்கிட்ட கெஞ்சவும் வேண்டாம். மகாராணி மாதிரி முன் சீட்ல உக்காந்து இறங்கு" என்று அண்ணன் கதவைத் திறந்து காட்டினான்.

அண்ணி உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "மகாராணிக்கு முன்னாடி யாரோ உள்ள ஈரத் துணிய மறந்து வச்சிட்டுப் போயிருக்காங்க."

வண்டிக்குள் ஒரு நாற்றம் இருந்தது உண்மைதான். பழைய ரெக்சின், பிரேக் ஆயில், அவற்றுக்கு அடியில் நெடுநாள் நனைந்த இரும்பின் வாடை. நோட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். கால் மெத்தையில் புதைவதுபோல் இறங்கியது. முக்கால்வாசிக்கு மேல் போய்த்தான் ஏதோ தட்டுப்பட்டது.

"அண்ணா, இது ரொம்ப மெத்துன்னு இருக்கு."

"ரெண்டு தடவ பம்ப் பண்ணு, நிக்கும். நான் அப்படித்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"ஏறி வந்த. இறங்கும்போது?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "சரி, எஞ்சினியரம்மா. திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு. ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, அதையும் குறிச்சுக்க."

நோட்டு குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். வீட்டை ஒட்டிய ஷெட்டின் தரை தடத்தை நோக்கிச் சரிந்திருந்ததால் வண்டியை முதல் கியரில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு கல்லை ஒட்டி வைத்தாள். ஆயில் டப்பாவில் அளவு சரியாக இருந்தது. நான்கு சக்கரத்திலும் கசிவில்லை. அண்ணியை மிதிக்கச் சொல்லி ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் உப்பவில்லை. பெடலை ஒரே அழுத்தமாக இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தாள். மெல்ல இறங்கவில்லை, ஆகவே மாஸ்டர் சிலிண்டர்மேல் பழி போட முடியாது. பின் டிரம்களின் இடைவெளியையும் சரிசெய்தாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பிரேக் ஆயில் ஓடும் குழாய்க்குள் காற்று.

காற்று எடுக்க இருவர் வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர். உட்கார்ந்து மிதிக்கிற வேலைதானே என்று அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள்.

"நான் 'மிதி'ன்னு சொன்னா மிதிச்சு, 'பிடிச்சிருக்கேன்'னு சொல்லுங்க. நான் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற நிப்பிளத் திறப்பேன். பெடல் தரைக்குப் போகும். போனா போகட்டும், கால எடுக்கக் கூடாது. நான் மூடிட்டு 'விடு'ன்னு சொன்ன பிறகுதான் எடுக்கணும். முன்னாடி எடுத்தா வெளிய வந்த காத்து மொத்தமும் திரும்ப உள்ள போயிடும்."

"பிரசவத்துக்கு இப்பவே பயிற்சி குடுக்கிற. சரி, போ கீழ."

முதல் முறை சரியாக நடந்தது. இரண்டாம் முறையும். நிப்பிளில் மாட்டிய வெள்ளைக் குழாய் வழியாகக் குமிழ்கள் பாட்டிலில் வந்து விழுந்தன. மூன்றாம் முறை நிப்பிளைத் திறந்து குமிழ்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, மேலே பெடல் 'டக்'கென்று எழும்பியது. குழாயில் இருந்ததெல்லாம் சரசரவென்று திரும்பி உள்ளே ஓடியது.

"அண்ணி! ஏன் விட்டீங்க?"

"நீதானே விடுன்ன?"

அப்படித்தான் அன்றைய தவறு நோட்டில் ஏறியது.

சனிக்கிழமை காலை அவள் ஒரு முடிவோடு வந்தாள். தன் வாய்தான் தப்பு செய்கிறது என்றால் வாய்க்கு வேலையே கொடுக்கக் கூடாது. சிறிய டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வெளிச்சமும் ஆயிற்று, பேச்சும் நின்றது. ஸ்பேனரால் அச்சில் ஒரு தட்டு தட்டினால் மிதிக்க வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் விட வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லி வைத்தாள்.

வண்டிக்கு அடியில் பகலிலும் இருட்டுதான். முதுகுக்குக் கீழே சிமெண்டுத் தரை சில்லிட்டது. முகத்துக்கு ஒரு சாண் மேலே அச்சு, அதில் பல ஆண்டு மண். டார்ச்சின் சிறு வட்டத்தில் நிப்பிள் மட்டும் தெரிந்தது.

டக்.

"பிடிச்சிருக்கேன்."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தாள். ஆயில் வந்தது. குமிழ், குமிழ், பிறகு சுத்தமான ஆயில். மூடலாம் என்று ஸ்பேனரைத் திருப்பப் போனாள்.

பெடல் எழும்பியது.

அவள் டார்ச்சைப் பல்லில் கடித்தபடியே ஊர்ந்து வெளியே வந்து, அதைக் கையில் எடுத்தாள். அண்ணி இருக்கையில் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சா, அண்ணி?"

"தட்டு கேக்கல." அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "நீ சொன்ன. 'விடு'ன்னு. உன் குரல்டி. சலிச்சுக்கிட்டே சொல்லுவியே, அதே மாதிரி."

நோட்டு கையிலிருந்த டார்ச்சைக் காட்டினாள். பிளாஸ்டிக்கில் அவள் பல் பதிந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அண்ணி கைப்பிடியைப் பற்றி மெதுவாக இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள்.

சாப்பிடும்போது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒருத்திக்குத் தன் மேல நம்பிக்கை இல்ல, இன்னொருத்திக்குக் காது சரியில்ல. நல்ல கூட்டணி."

"கேட்டது எனக்கு. உங்களுக்கு இல்ல" என்றாள் அண்ணி.

அவன் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் நம்பவில்லை.

அன்று பிற்பகல் நோட்டு வண்டியை விற்ற பெண்மணியைத் தேடிப் போனாள். தையல் கடை வைத்திருப்பவர் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஒரு கதவு அகலமே உள்ள கடை. உள்ளே ரேடியோ காது கிழியப் பாடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மிதிக்கும் மெஷினில் மோட்டார் பூட்டித் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினின் மிதிகட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"பிக்கப் வாங்கினோமே, அந்த வீட்டுப் பொண்ணு நான். பிரேக் பெடல்..."

"மெத்துன்னு இருக்கும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லித்தான் வித்தேன்."

"அது இல்லம்மா. காத்து எடுக்கும்போது..." எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "மேல உக்கார்றவங்களுக்கு ஏதாவது கேக்குமா?"

அந்த அம்மா மோட்டாரை நிறுத்தினார். ரேடியோவை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் தள்ளினார். நோட்டு அதில் உட்கார்ந்து, பாட்டுக்கு நடுவே கேட்பதற்காகக் குனிந்தாள்.

"ஆறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரருக்கு அந்த வண்டின்னா உசிரு. அவர் கீழ, நான் மேல. எங்க வாசலும் சரிவு. நான் பிடிச்சிருந்த பெடல்தான் வண்டியையே பிடிச்சிருந்துச்சு. 'விடு'ன்னாரு. விட்டேன்."

நோட்டு ஸ்டூலை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் சொன்னாங்க, அவரே விடச் சொல்லிட்டாரு, நீ என்ன பண்ணுவன்னு. நானும் அப்படித்தான் தேத்திக்கிட்டேன். ஆனா அவர வெளிய எடுத்தப்போ..." அவர் கத்தரிக்கோலை எடுத்து இல்லாத நூலை ஒரு முறை வெட்டினார். "பல்லுல டார்ச் கடிச்ச மேனிக்கே இருந்துச்சும்மா. ரெண்டு கையும் வேலையில இருந்தா அவர் அப்படித்தான் கடிச்சுக்குவாரு. அதப் பிடுங்கிறதுக்கே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு. டார்ச்சக் கடிச்சிட்டிருக்கிற வாயால எப்படிம்மா 'விடு'ன்னு சொல்ல முடியும்?"

ரேடியோவில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் ஒரு சிறு இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் அவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டார். எதையோ எதிர்பார்த்து அடி வாங்கத் தயாராவது போல. பாட்டு தொடங்கியதும் தோள் தளர்ந்தது.

"வண்டிதான் போயிடுச்சேம்மா" என்றாள் நோட்டு. "இன்னும் எதுக்கு ரேடியோ இவ்வளவு சத்தமா?"

அவர் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மோட்டாரைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டான். "பாவம், குற்ற உணர்ச்சி. ஆறு வருஷம் அதையே நினைச்சா ரேடியோவே பேசும்" என்றான். "இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. வாடகை வண்டி சொல்லட்டா?"

சொல்லு என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்து மாதம் படித்து ஒரு பெடலைச் சரிசெய்யத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்பதுதான் அப்போது அவள் மனதில் ஓடியது.

"நாளைக்கு ஆளே வேண்டாம். கட்டை வச்சுப் பண்றேன்" என்றாள். "கட்டைக்குக் காது கிடையாது."

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தாள். பதினோரு வரிப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் செய்தபின் டிக் போட்டாள். முதல் கியர், டிக். இரண்டு கல்லும் சக்கரத்தோடு ஒட்டி, டிக். வழவழப்பான ஒரு மரக்கட்டையைப் பெடல்மேல் நிறுத்தி, பழைய சைக்கிள் டியூபை இழுத்து அதன் தலையில் மாட்டி இருக்கையின் கீழ்க் கம்பியில் இரண்டு முடிச்சு போட்டாள். டியூபின் இழுப்பில் கட்டை பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது. நிப்பிளைத் திறந்தால் பெடல் இறங்கும்; கட்டையும் கூடவே இறங்கும். தானே எழுந்து வந்து அவிழ்க்கும் வரை விடாது.

இரண்டு முடிச்சு, டிக்.

டார்ச்சைக் கடித்துக்கொண்டு அடியில் நுழைந்தாள். பின்னல் தரையில் புரண்டது. தலையை அசைத்து அதை ஒதுக்கினாள். அண்ணன் மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவும் சத்தம் தூரத்தில் கேட்டது. அண்ணி உள்ளே படுத்திருந்தாள்.

நிப்பிளைத் திறந்தாள். குமிழ்கள் வந்தன. பிறகு நின்றன. தேன் நிறத்தில் சுத்தமான ஆயில் மட்டும் ஓடியது. வேலை முடிந்தது. சிரிப்பு வந்தது, டார்ச்சைக் கடித்தபடியே. ஸ்பேனரை மூடுகிற பக்கம் திருப்பினாள்.

நனைந்த இரும்பின் வாடை வந்தது.

வலது காதுக்கு அருகில், ஒருவர் படுத்திருந்தால் முகம் எங்கே இருக்குமோ அங்கிருந்து.

"விடு."

அவளுடைய குரல். சலித்துக்கொண்டு சொல்லும் அதே குரல்.

தலையைத் திருப்ப அவளால் முடியவில்லை. டார்ச் வெளிச்சம் நேரே நிப்பிளில் நடுங்கியது.

மேலே ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ரப்பர் உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

கட்டைக்குக் காது இல்லை.

ஆனால் இரண்டாவது முடிச்சும் அவிழ்ந்தது.

கட்டை விழுந்து உருண்டது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டது போல் அசைந்து பின்னால் வந்தது. ஒட்டி வைத்த கல் நான்கு விரற்கடை தள்ளி இருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். டயர் அந்த நான்கு விரற்கடையையும் கடந்து, கல்லில் மோதி நின்றது. அவள் தலை வெடுக்கென்று இழுபட்டது. பின்னல் டயருக்கு அடியில் இருந்தது. கன்னத்தில் ரப்பர் உரசியது. கல் நொறுநொறுவென்று விரிசல் விடத் தொடங்கியது.

டார்ச்சைத் துப்பிவிட்டு அலறினாள்.

அண்ணன் மாடிப்படியை எப்படிக் கடந்தான் என்று தெரியவில்லை. கதவு திறந்தது, வண்டி குலுங்கியது, பெடலை ஓங்கி மிதித்தான்.

"கியர் நியூட்ரல்ல கிடக்குடி! விழ மாட்டேங்குது! பெடல் இறங்குது, இறங்கிட்டே போகுது!"

நிப்பிள் திறந்திருக்கிறது. அவள் கையை நீட்டினாள். ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை மாட்டித் திருப்பினாள்.

"பிடிச்சிடுச்சு!" என்று அண்ணன் கத்தினான். "பிடிச்சிருக்கேன்! நீ வெளிய வா!"

"முடியலண்ணா! முடி மாட்டியிருக்கு! விடாத!"

"விடல. விடவே மாட்டேன்."

அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். ஒரு மயிரும் நகரவில்லை. மேலே அவன் மூச்சு வாங்குவது தகரம் வழியாகக் கேட்டது. கல்லில் இருந்து ஒரு துண்டு தெறித்து அவள் நெற்றியில் பட்டது.

பக்கத்தில் வாடை நகர்ந்தது. அவளைத் தாண்டி, மேல் பக்கமாக.

"வந்துட்டேண்ணா" என்றது அவளுடைய குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, பாதி அழுகையோடு. "வெளிய வந்துட்டேன். விடு."

"வந்துட்டியா? அப்பாடா..."

"அண்ணா, நான் இல்ல! விடாத! அது நான் இல்ல!"

"என்னடி சொல்ற? எங்க இருக்க நீ?"

"வெளியதான் நிக்கிறேன். விடு."

"கீழ இருக்கேன்! விடாத!"

இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்தது. இரண்டும் ஒரே தொண்டை. எதை நம்புவான்? அவளே இரண்டு நாளாகத் தன் குரலை நம்பவில்லை.

"விடாதீங்க!"

அது அண்ணி. வாசலில் இருந்து. தடதடவென்று நடந்து வந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி டயருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். "எனக்குத் தெரியுது அவள. கீழதான் இருக்கா. கால எடுத்தீங்க, உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

கையில் சமையலறைக் கத்தரிக்கோல் இருந்தது. பின்னல் தடிமன். நாலைந்து முறை வெட்ட வேண்டியிருந்தது. தலை விடுபட்டதும் அண்ணி அவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப எடுங்க கால" என்றாள் அண்ணி.

அண்ணன் எடுக்கவில்லை. கண்ணாடி வழியாக முன்னால் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் முழுக்க வியர்வை.

"ரெண்டு பேரும் முன்னாடி வந்து நில்லுங்க" என்றான். "நான் கண்ணால பாக்கணும்."

அவர்கள் வண்டியின் மூக்குக்கு முன்னால் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒருத்தியைப் பார்த்தான், இன்னொருத்தியைப் பார்த்தான். பிறகுதான் காலை எடுத்து வெளியே குதித்தான். கல் உடைந்தது. வண்டி அவசரமே இல்லாமல் பின்னால் இறங்கி, ஷெட்டை விட்டு வெளியேறி, தடத்தில் திரும்பி இரண்டு மதில்களுக்கும் நடுவே குறுக்காகச் செருகிக்கொண்டு நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல் அண்ணன் கிரேன்காரரிடம் பேசினான். தடம் குறுகல், மதிலை இடிக்காமல் எடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றார் அவர். ஆம்புலன்ஸும் இந்தப் பக்கம் ஏற முடியாது. படியின் அடிவரை வருவார்களாம். அண்ணியின் கால் காலையில் இருந்ததைவிட வீங்கியிருந்தது. தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் போனில் இரண்டு முறை சொன்னார்.

"நாற்காலில உக்கார வச்சு நாலு பேர் தூக்கினா?" என்றான் அண்ணன்.

"வேண்டாம்" என்றாள் அண்ணி உடனே. "தூக்குறவங்கள்ல ஒருத்தர் விட்டாலும் போச்சு. நானே நடந்து இறங்குறேன். ஆளுக்கொரு கையப் பிடிச்சுக்கங்க, போதும்."

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அப்படி அவனை நோட்டு பார்த்ததே இல்லை.

ஆறரை மணிக்கு நோட்டு தன் அறையில் உட்கார்ந்து நீல அட்டை நோட்டைத் திறந்தாள். பின்னங்கழுத்தில் குட்டை முடி குத்தியது. தேதியையும் வேலையையும் எழுதினாள். தவறுக்கான கட்டத்தில் வந்து நின்றாள். கியரை உண்மையிலேயே போட்டேனா? டிக் இருக்கிறது. கல்லை ஒட்டித்தானே வைத்தேன்? டிக் இருக்கிறது. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள். சமையலறையில் அண்ணனும் அண்ணியும் வெந்நீர் அண்டாவை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள், கால் வீக்கத்துக்கு ஊற்ற. "மெதுவா, மெதுவா" என்று அண்ணன் சொல்வது கேட்டது.

அண்டா விழுந்தது.

வீடே அதிர்ந்தது. தண்ணீர் கூடம்வரை ஓடி வரும் சத்தம். அண்ணியின் அலறல், பிறகு, "ஒண்ணும் இல்ல, மேல படல, மேல படல" என்று அண்ணனின் பதற்றம்.

பிறகு அண்ணி, சுவருக்கு அப்பாலிருந்து, மூச்சுத் திணற:

"ஏண்டி நோட்டு, பாதி வழியில விடச் சொன்ன?"

பேனா இன்னும் பல்லில் இருந்தது. அறையில் நனைந்த இரும்பின் வாடை அடித்தது.

வெகுநேரம் கழித்துப் பேனாவை எடுத்து எழுதினாள்.

நவம்பர் 16, ஞாயிறு.
வேலை: கட்டை வைத்துப் பின் இடது சக்கரத்தில் காற்று எடுத்தது. வண்டி தடத்தில் சிக்கியிருக்கிறது.
தவறு: குரல் வண்டியில் இருக்கிறது என்று நினைத்தேன்.
நாளைய வேலை: காலை ஏழு மணி. அண்ணியைப் படி வழியாகக் கீழே இறக்குவது. எழுபத்திரண்டு படிகள். ஒரு கையை அண்ணன் பிடிப்பான். மறு கையை நான்.